குந்தவையும் பெரட்டுக் களமும்

ஜாசினிலும் அலோர் காஜாவிலும் நம் தமிழ்க் குடும்பங்களில், 'பொன்னியின் செல்வன்' 2022-ஆம் ஆண்டு திரைக்கு வந்த நாள் முதலாக, ஒரு விநோதமான நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது: பத்துக் கேள்விகளுக்கு விடை சொன்னால், ஒருத்தியின் சுபாவம் குந்தவையுடையதா, நந்தினியுடையதா, வானதியுடையதா என்று நிச்சயமாகத் தெரிந்துவிடுமாம். கல்யாணப் பந்தியில் இலை போடுமுன்பே, படித்த பெண்மணிகள் தாம் குந்தவையென்று பிரகடனம் செய்கிறார்கள். வெறும் விளையாட்டுத்தானே என்று சமாதானம் சொல்வோரும் உளர். பெண்ணின் குணம் நாலைந்து அச்சுக்குள் அடங்கிவிடும் என்ற அபிப்பிராயம் அவ்விளையாட்டினுள் ஒளிந்திருப்பதால், நான் அதை லேசில் விடுவதாயில்லை.

கல்கி 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் எழுதிய அந்தக் கதையே இதற்கு இடங்கொடுக்கவில்லை. இளவரசன்மீது வைத்த ஆசையை நெஞ்சில் புதைத்துக்கொண்டு, கோடிக்கரைக் கடலில் தனியே படகு வலித்து, கொள்ளிவாய்ப் பிசாசுகளே தன் காதலர் என்று வந்தவனிடம் பரிகாசம் பேசிய பூங்குழலிதான், இறுதியில் பூமாலை தொடுக்கும் சேந்தன் அமுதனை மணந்து, அவன் முடிசூடியதும் சோழ நாட்டு அரசியாகிறாள். இவ்விருவரில் எந்தப் பூங்குழலி உங்கள் சாயல், அம்மணி? கதையின் முடிச்சுகளெல்லாம் எவளுடைய மௌனத்தில் கட்டப்பட்டிருக்கின்றனவோ, அந்த ஊமை ராணி மந்தாகினியே தான் என்று சொல்லிக்கொண்டவள் ஒருத்தியையும் இதுவரை காணோம்!

கதை கிடக்கட்டும்; நம் தோட்டத்துப் பெண்களையே பாருங்கள். 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்ட டான் சாய் யான், பின்னர் புக்கிட் ஆசாஹானில் அதைப் பெருந்தோட்டமாக விரித்தார். அப்படி எழுந்த தோட்டங்களில், விடியுமுன் கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டு, பெரட்டில் பேர் கொடுத்து, நெற்றி விளக்கின் வெளிச்சத்தில் மரம் சீவி, மங்குகளில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி ஸ்டோருக்குச் சுமந்தவள், காலையில் கங்காணிக்கு முன் வாய் திறவாதிருந்துவிட்டு, பிற்பகலில் நிறுவை குறைந்ததென்று கிராணியோடு வாதாடினாள். அவளிடம் கேள்வித்தாளை நீட்டினால், காலையில் ஒரு பேரும் மாலையில் வேறொரு பேரும் அல்லவா வந்திருக்கும்?

1943-இல் நேதாஜி ஜான்சி ராணிப் படையைத் திரட்டியபோது, கேப்டன் லட்சுமியின் தலைமையில் சிங்கப்பூரில் துப்பாக்கி பழகியவர்களுள் மலாயாத் தோட்டத்துப் பெண்கள் ஏராளம். தோட்டத்து எல்லையையே தாண்டியறியாத அப்பெண்களின் சுபாவத்தை, கல்கி அக்கதையைத் தொடங்குவதற்கு ஏழாண்டு முற்பட்ட அக்காலத்தில், இன்றைய கேள்விகளைக் கொண்டு சோதிக்க முடிந்திருந்தால், எடுத்ததற்கெல்லாம் மூர்ச்சை போட்டு விழும் வானதி என்றே தீர்ப்பு வந்திருக்கும். அவர்களோ பர்மாவுக்குப் புறப்பட்டார்கள்.