கண்ணில் காயப்பட்ட வன்னி மக்களின் கோரிக்கைச் சாசனம்

மத்திய சுகாதார அமைச்சுக்கும், வட மாகாண சுகாதார அமைச்சுக்கும், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டச் செயலாளர்களுக்கும்.

கண்ணைத் துளைத்த காயத்தோடு வாழ்கிறவர்களும் அவர்களைப் பராமரிக்கும் குடும்பத்தாரும் இதை முன்வைக்கிறோம். எங்களில் ஒரு பகுதியினர் 2009இல் போரில் எறிகணைச் சிதறல் பட்டவர்கள். மற்றவர்கள் போர் முடிந்த பின் காயப்பட்டவர்கள்: கிரைண்டரில் இரும்பு வெட்டியபோது, கல் உடைத்தபோது, புல்லு வெட்டும் மெசினில் தெறித்த கம்பியால், தூண்டில் முள்ளால், பட்டாசால். காயம் வந்த வழி வேறு. அதன் பிறகு கண்ணுக்கு நேர்வது ஒன்றுதான்.

கண்ணின் சுவர் கிழிந்தால் அதை 24 மணித்தியாலத்துக்குள் தைத்து மூட வேண்டும் என்று கண் வைத்தியம் சொல்கிறது. பிந்தினால் கிருமி உள்ளே பெருகிச் சீழ் கட்டும். காயம் விட்டுவைத்த பார்வையைச் சீழ் கொண்டுபோய்விடும். 2009 பெப்ரவரி தொடக்கத்தில் புதுக்குடியிருப்பு வைத்தியசாலை எறிகணை வீச்சுக்குள்ளாகிக் கைவிடப்பட்டது. காயக்காரர் புதுமாத்தளனில் கடற்கரையோரம் கிடந்து, செஞ்சிலுவைச் சங்கத்தின் கப்பலுக்காகக் காத்திருந்தார்கள். பெப்ரவரி 10 முதல் மே 9 வரை ஏறத்தாழ 14,000 நோயாளரும் உறவினரும் அந்தக் கப்பல்களில் வெளியேறினார்கள். அந்த நாட்களில் மணித்தியாலத்தை யாரும் எண்ண முடியவில்லை. இன்று எண்ண முடியும், எண்ணியே ஆக வேண்டும். எங்கள் கோரிக்கைகள் எல்லாம் இதிலிருந்தே வருகின்றன.

முதல் கோரிக்கைக்குப் பணம் தேவையில்லை. கண் காயத்தோடு வருபவர் எந்தப் பிரதேச வைத்தியசாலையின் வாசலை மிதித்தாலும், காயம் பட்ட நேரத்தையும் அந்த வேளையில் அவருக்கு இருந்த பார்வையையும் எழுதுங்கள். எழுத்துப் பலகையை வாசிக்கிறாரா, விரலை எண்ணுகிறாரா, கை அசைவது தெரிகிறதா, வெளிச்சம் மட்டும் தெரிகிறதா, அதுவும் இல்லையா? அந்தப் பலகையும் ஒரு டோர்ச் லைற்றும் ஒரு நிமிடமும் போதும். 2002இல் வெளியான, உலகெங்கும் வைத்தியர்கள் பயன்படுத்தும் கண் காயப் புள்ளிமுறை இந்த முதற் பார்வையிலிருந்துதான் கணக்கைத் தொடங்குகிறது. விழி வெடித்திருந்தால், சீழ் கட்டியிருந்தால், விழித்திரை கழன்றிருந்தால் புள்ளி குறையும். மிகத் தாழ்ந்த பிரிவில் ஏறக்குறைய நான்கில் மூவருக்குக் கடைசியில் வெளிச்சமும் தெரிவதில்லை. மிக உயர்ந்த பிரிவில் பத்தில் ஒன்பது பேர் நல்ல பார்வையோடு மீள்கிறார்கள். குடும்பத்துக்கு உண்மையைச் சொல்லவும், யாரை முதலில் அனுப்புவது என்று முடிவெடுக்கவும் இந்தப் பதிவு வேண்டும். போரில் காயப்பட்ட எங்களில் பலரிடம் இப்படி ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை. உதவிப்பணத்துக்கு விண்ணப்பிக்கும்போது அதன் அருமை தெரிகிறது.

அடுத்தது பாதை. மூன்று மாவட்டங்களிலும் இரவிலும் விடுமுறை நாளிலும் கண் சத்திரசிகிச்சை எங்கே நடக்கும் என்பதை மாதந்தோறும் அறிவியுங்கள். 2018இல் வடக்குக்கு வந்த, 1990 என்ற இலக்கத்தில் அழைக்கும் அம்புலன்ஸ் சேவையின் கையிலும் அந்தப் பட்டியல் இருக்கட்டும். ஒரு வைத்தியசாலையிலிருந்து அடுத்ததற்கு, அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு என்று நோயாளியைப் படிப்படியாக ஏற்றி இறக்க வேண்டாம். தைக்கும் இடத்துக்கு நேரே அனுப்புங்கள். அனுப்பும் முன் அமுக்காத கடினமான மூடி ஒன்றால் கண்ணைக் காத்து, ஏற்புவலித் தடுப்பூசி போடுங்கள். குத்தி நிற்கும் பொருளைப் பிடுங்கக் கூடாது, கண்ணைக் கசக்கக் கூடாது, தாய்ப்பாலோ இலைச்சாறோ விடக் கூடாது என்று பாடசாலைகளிலும் வெல்டிங் கடைகளிலும் மீன்பிடிச் சங்கங்களிலும் சொல்லிக்கொடுங்கள்.

விழித்திரைச் சத்திரசிகிச்சைக்குக் கொழும்பு தேசிய கண் வைத்தியசாலைக்கு அனுப்பப்படுபவர் முல்லைத்தீவிலிருந்து 300 கிலோமீற்றருக்கு மேல் போக வேண்டும். அவரும் துணைக்குப் போகிறவரும் இழக்கும் நாட்கூலி, பயணச் செலவு, தங்குமிடம், தமிழில் விளக்கம் சொல்ல ஒருவர்: இவை சிகிச்சையின் பகுதியாகவே கணக்கிடப்பட வேண்டும்.

பழைய காயக்காரரைப் பற்றி அழுத்தமாகவே சொல்கிறோம். இன்னும் கண்ணுக்குள்ளோ கண்குழியிலோ ‘பீஸ்’ எனும் எறிகணைத் துண்டை வைத்துக்கொண்டு நடமாடுபவர்கள் எங்களில் இருக்கிறார்கள். கண்ணுக்குள் தங்கிய இரும்பு மெல்லக் கரைந்து, வருடங்கள் கழித்தும் விழித்திரையைக் கெடுக்கக்கூடும். அத்தகையவரை எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் படுக்கவைத்தால் இரும்பு நகர்ந்து மிஞ்சிய பார்வையும் போகலாம். ஆகவே ஒவ்வொருவரையும் தேடிப் பதிவுசெய்து, படமெடுத்துப் பார்த்து, உலோகம் இருக்கும் இடத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதிய அட்டை ஒன்றைக் கையில் கொடுங்கள்.

காயம் படாத மற்றக் கண்ணையும் பாருங்கள். அரிதாக, ஒரு கண்ணின் காயத்தால் கிளம்பும் அழற்சி அடுத்த கண்ணையும் தாக்கும். கிழமைகளிலும் வரலாம், ஆண்டுகள் கழித்தும் வரலாம். மூன்று வயதில் தகப்பனின் தோல் பட்டறையில் ஒரு கண்ணைக் குத்திக்கொண்ட லூயி பிரெயில் இரு கண்ணும் இழந்தது இப்படித்தான் என்று கருதப்படுகிறது. இன்று மருந்து இருக்கிறது. நல்ல கண் சிவந்து மங்கினால் அன்றைக்கே வரும்படி சொல்ல ஆளும், வந்தால் பார்க்கக் கிளினிக்கும் வேண்டும். சிறுபிள்ளைகளுக்குத் தையலோடு வேலை முடிவதில்லை. கண்ணாடியும் தொடர்பயிற்சியும் கிடைக்காவிட்டால், ஆறிய கண்ணையும் மூளை பாவிக்காமல் விட்டுவிடும்.

கண்ணிவெடி அகற்றுவோர் முகக்கவசம் இல்லாமல் நிலத்தில் இறங்குவதில்லை. அதே ஊரில் கிரைண்டர் பிடிக்கும் பொடியன் வெறுங்கண்ணோடு நிற்கிறான். பட்டறைகளுக்கும் கல்லுடைக்கும் இடங்களுக்கும் பாதுகாப்புக் கண்ணாடியைக் கட்டாயமாக்கி, முதல் தொகுதியை இலவசமாகக் கொடுங்கள்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றது. கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் 2017இல் சேர்ந்தது. கண்ணிவெடியால் காயப்பட்டோரின் சிகிச்சையும் மறுவாழ்வும் அந்த உடன்படிக்கையிலேயே சொல்லப்பட்டவை. செயற்கைக் கண், வெள்ளைப் பிரம்பு, தொழிற்பயிற்சி ஆகியவற்றை நாங்கள் தயவாகக் கேட்கவில்லை.

எது, எப்போது, யாரால் நிறைவேறும் என்று திகதியிட்டு, பதிலைத் தமிழில் மூன்று மாவட்டச் செயலகங்களிலும் எல்லாப் பிரதேச வைத்தியசாலைகளிலும் ஒட்டுங்கள். எங்களில் வாசிக்க முடியாதவர்கள் இருக்கிறார்கள். கிராம அலுவலர் அதை அவர்களுக்கு வாசித்துக் காட்டவும் வேண்டும்.