நிவாரணப் பணம் யாருக்கு?

"சர்க்கார் பணம்தானே, வந்தா வாங்கிக்க வேண்டியதுதானே!" மருங்காபுரிப் பக்கம் இந்தப் பேச்சைக் கேட்காத நண்பர்கள் இருக்க முடியாது.

2016-இல் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் தமிழகத்தின் அன்றைய 32 மாவட்டங்களும் வறட்சி மாவட்டங்களாக அறிவிக்கப்பட்டன. கருகிய நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய், மானாவாரிப் பயிருக்கு 3,000 ரூபாய் நிவாரணம். எங்கள் ஊர் வானம் பார்த்த பூமி. மூவாயிரம் எங்களுக்குச் சின்னத் தொகை அல்ல.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. அப்பா வாரத்துக்கு உழுத இரண்டு ஏக்கர் சோளம் காய்ந்து சருகானது. விதைக்கும் உழவுக்கும் வாங்கிய கடன் எங்களுடையது. சிட்டா மட்டும் நிலக்காரர் பெயரில். பணமும் அவர் கணக்கில். வெளியூரில் வியாபாரம் செய்பவர், அந்த வருஷம் காட்டை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அப்பா போய்க் கேட்டதற்கு, "எம் பேர்லதானப்பா வந்துருக்கு" என்றாராம். அதோடு சரி.

அவரை மட்டும் சொல்வானேன்? உழாமல் கிடந்த கொல்லைக்கு "சோளம் போட்டேன்" என்று சொல்லி வாங்கியவர் என் சொந்தப் பெரியப்பா!

நிவாரணத்தை டாஸ்மாக்கில் கொடுத்தவனை ஊரே திட்டுகிறது. அவனாவது நஷ்டப்பட்டு வாங்கியதை அழித்தான். நஷ்டமே படாமல் வாங்கியவரை நம்மில் யார் கேட்டோம்?

குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969-லேயே சட்டம் இருக்கிறது. பதிந்தால் அடுத்த வருஷம் நிலம் கிடைக்காது என்று அப்பாவுக்குப் பயம். ஆகவே, அடங்கல் எழுத வரும்போது, உழுதவர் யார் என்று ஊரே கூடிச் சொல்ல வேண்டும். பெரியப்பாவிடமும் சொன்னேன்.

"டிப்ளமா படிச்சா இப்படித்தான்டா பேசுவ" என்றார்.