அரபு ஆசிரியர்களுக்கு அமெரிக்கா நடத்திய கோடைப் பயிற்சி

அமெரிக்காவில் 2007 கோடையில் 'ஸ்டார்டாக்' என்ற திட்டம் தொடங்கியது. விடுமுறையில் மாணவர்களுக்கு மொழி வகுப்பு, உள்ளூர் ஆசிரியர்களுக்குக் கற்பித்தல் பயிற்சி. முதலில் அரபும் சீனமும். பிறகு உருது, பாரசீகம் எனப் பட்டியல் நீண்டது. பணம் கொடுத்தது உளவு அமைப்பான தேசியப் பாதுகாப்பு முகமை.

நோக்கம் எதுவானாலும் பயிற்சி தேவையானதுதான். அரபைத் தாய்மொழியாகப் பேசுகிற எல்லோருக்கும் அதைப் பிறருக்குக் கற்பிக்கத் தெரிந்துவிடாது. எழுத்து வழக்கில் தொடங்குவதா, எகிப்திலும் சிரியாவிலும் வீட்டில் பேசுகிற வழக்கிலா? தமிழருக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல.

ஆனால் பயிற்சி முடித்தவர் எங்கே போய்க் கற்பிப்பார்? அதே கோடையில் நியூயார்க்கில், அரபு-ஆங்கில இருமொழி அரசுப் பள்ளியான கலீல் ஜிப்ரான் அகாடமிக்குக் கடும் எதிர்ப்பு கிளம்பியது. 'இன்திஃபாதா' என்ற சொல்லுக்கு 'உதறியெழுதல்' என்பதே வேர்ப்பொருள் என்று ஒரு நாளேட்டுக்கு விளக்கியதை அடுத்து, பள்ளி திறக்கும் முன்பே ஆகஸ்டில் முதல்வர் டெபி அல்மொண்டாசர் பதவி விலக நேர்ந்தது. அவருக்குப் பாகுபாடு இழைக்கப்பட்டதாக 2010இல் மத்திய அரசின் சமவேலைவாய்ப்பு ஆணையமே கூறியது. ஒரு கை அரபு ஆசிரியர்களை உருவாக்கச் செலவிட, இன்னொரு கை அரபுப் பள்ளியின் தலைமையை வெளியேற்றியது. அவர் அந்தப் பதவிக்குத் திரும்பவேயில்லை.