டெல்லாவின் கூந்தலும் மழையில் நனைந்த பூனையும்

கையில் இருப்பது ஒரு டாலர் 87 சென்ட். விடிந்தால் கிறிஸ்துமஸ். டெல்லா என்ன செய்வாள்? முழங்காலுக்கும் கீழே தொங்கும் தன் கூந்தலை 20 டாலருக்கு விற்று, கணவன் ஜிம்மின் கடிகாரத்துக்கு ஒரு பிளாட்டினச் சங்கிலி வாங்குகிறாள். வீட்டுக்கு வரும் ஜிம் திகைத்து நிற்கிறான். ஏனென்றால், அவன் அந்தக் கடிகாரத்தை விற்றுத்தான் அவள் கூந்தலுக்குச் சீப்புகள் வாங்கி வந்திருக்கிறான்!

1905-ல் ஓ ஹென்றி எழுதிய 'ஞானியரின் பரிசு' கதை இது. எத்தனையோ மொழிகளில், எத்தனையோ விதமாகச் சொல்லப்பட்டுவிட்டது.

இருபது வருடம் கழித்து, 1925-ல் வெளியான 'இன் அவர் டைம்' தொகுப்பில் இன்னொரு அமெரிக்க எழுத்தாளரும் ஒரு கணவன் மனைவி கதையை எழுதினார். எர்னஸ்ட் ஹெமிங்வேயின் 'மழையில் ஒரு பூனை'. அதிலும் கூந்தல் வருகிறது.

இத்தாலியில் கடலைப் பார்த்த ஒரு ஓட்டல் அறை. வெளியே மழை. கட்டிலில் படுத்தபடி கணவன் ஜார்ஜ் புத்தகம் படிக்கிறான். கீழே ஒரு மேசைக்கு அடியில் நனையாமல் ஒடுங்கியிருக்கும் பூனையை எடுத்து வர மனைவி இறங்கிப் போகிறாள். அதற்குள் பூனையைக் காணவில்லை. திரும்பி வந்து கண்ணாடி முன் உட்கார்ந்து, முடியை வளர்க்கலாமா என்று கேட்கிறாள். பையனைப் போல வெட்டிய முடி அவளுக்கு. அவன் நிமிர்ந்து பார்த்து, இப்படியே நன்றாகத்தான் இருக்கிறது என்கிறான். மறுபடியும் புத்தகம். கொண்டை வேண்டும், மடியில் பூனை வேண்டும், சொந்த வெள்ளிப் பாத்திரம் வேண்டும் என்று அவள் அடுக்குகிறாள். பேசாமல் ஏதாவது படி என்று அவன் அடக்குகிறான். கதவு தட்டப்படுகிறது. ஓட்டல்காரர் கொடுத்தனுப்பியதாக ஒரு பெரிய பூனையுடன் பணிப்பெண் நிற்கிறாள். அவ்வளவுதான், கதை முடிந்தது.

அது அதே பூனையா? அவர்கள் சந்தோஷமாக இருப்பார்களா? ஹெமிங்வே சொல்வதில்லை.

ஓ ஹென்றி அப்படி விடமாட்டார். திண்ணையில் உட்கார்ந்து கதை சொல்லும் மாமாவைப் போல நடுநடுவே நம்மிடம் பேசுவார், சிரிப்பார், வாழ்க்கையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்வார். கடைசியில் ஒரு முடிச்சை அவிழ்த்து நம்மைத் தூக்கிவாரிப் போடுவார். நியூயார்க் வேர்ல்டு பத்திரிகைக்கு வாரம் ஒரு கதை எழுதியவர் அவர். ஞாயிற்றுக்கிழமை வாசகரைப் பிடித்து வைக்கத் தெரிந்த கை.

ஹெமிங்வே பழகியதும் பத்திரிகை அலுவலகத்தில்தான். 1917-ல், பள்ளிப் படிப்பு முடிந்ததும், கன்சாஸ் சிட்டி ஸ்டார் நாளிதழில் நிருபரானார். சிறிய வாக்கியங்களில் எழுது என்பது அங்கே முதல் பாடம். பிற்பாடு அவர் சொன்ன பனிப்பாறைக் கணக்கு பிரபலம்: எட்டில் ஒரு பங்குதான் தண்ணீருக்கு மேலே தெரிய வேண்டும். மீதி ஏழு பங்கும் அடியில் இருக்க வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், கதையில் எல்லாவற்றையும் திறந்து காட்டிய ஓ ஹென்றி சொந்த வாழ்க்கையைப் பூட்டியே வைத்திருந்தார். அவருடைய நிஜப் பெயர் வில்லியம் சிட்னி போர்ட்டர். டெக்சாஸில் வங்கி வேலையில் இருந்தபோது பணம் குறைந்ததாக வழக்கு வந்தது. ஹோண்டுராஸுக்குத் தப்பி ஓடினார். மனைவி சாகக் கிடக்கிறாள் என்று தெரிந்து, பிடிபடுவோம் என்று தெரிந்தும் திரும்பினார். 1898 முதல் மூன்று வருடங்களுக்கு மேல் ஒஹாயோ சிறையில் கழித்தார். அப்பா சிறையில் இருக்கிறார் என்பது மகள் மார்கரெட்டுக்குச் சொல்லப்படவில்லை. சிறையிலிருந்தபடியே புனைபெயரில் கதைகள் அனுப்பினார்.

அன்புக்காக எதையும் இழக்கலாம் என்று அவர் எழுதியதை வெறும் சர்க்கரைப் பாகு என்று தள்ளிவிட முடியாதது இதனால்தான். தற்செயல்களை வைத்தே கதை பண்ணுகிறார் என்று விமர்சகர்கள் குறை சொன்னார்கள். அது உண்மையும்கூட. ஆனால், டெல்லாவை மறந்தவர்கள் குறைவு. ஹெமிங்வேயிடம் 'கதை எங்கே?' என்று கேட்கத் தோன்றும். இரண்டு நாள் கழித்து அந்த ஓட்டல் அறை நினைவுக்கு வரும்போது பதில் கிடைக்கும்.

டெல்லாவும் ஜிம்மும் வாரம் எட்டு டாலர் வாடகையில் திண்டாடுகிறவர்கள். ஆனாலும் ஒருவருக்கு என்ன பிடிக்கும் என்பது மற்றவருக்குத் தெரியும். ஓட்டல் ஜோடிக்குக் கடல் தெரியும் அறை இருக்கிறது. மனைவி கேட்டது பூனையை மட்டும்தானா என்பது ஜார்ஜுக்குத் தெரியவில்லை. முன்னவர் அன்பு இருக்கும் வீட்டைக் காட்டுகிறார்; பின்னவர் அது மெல்ல வற்றும் அறையைக் காட்டுகிறார்.

இரண்டும் சின்னக் கதைகள். ஒரே மாலையில் படித்துவிடலாம். படித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் இருப்பவர், 'முடி வளர்க்கலாம்னு இருக்கேன்' என்று சொன்னால் மட்டும், போனைக் கீழே வைத்துவிடுங்கள்.