சேர்க்கலாம், பற்றவைக்க வேண்டாம்

பழைய களிமண் புகைக்குழாய்களைச் சேகரிப்பவர்களில் சிலர் அவற்றில் புகையிலை அடைத்துப் பற்றவைத்தும் பார்க்கிறார்கள். அந்தக் காலத்து ருசி அப்போதுதான் தெரியுமாம். லண்டனில் குடியிருந்து, உரிமம் வாங்கித் தேம்ஸ் கரையில் இவற்றைத் தேடிப் பொறுக்குகிறவன் நான். இப்படிப் பற்றவைக்கும் பழக்கம் தவறு என்பதே என் கருத்து.

தேம்ஸில் தண்ணீர் வடிந்ததும் கரைச் சேற்றில் வெள்ளை வெள்ளையாகக் குச்சிகள் தெரியும். எல்லாம் உடைந்த குழாய்த் தண்டுகள். 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் புகையிலை பரவியபோது பிறந்தது குழாய் செய்யும் தொழில். 1619இல் முதலாம் ஜேம்ஸ் மன்னர் குழாய் செய்வோருக்குச் சாசனமே கொடுத்தார். வெண்களிமண்ணை நீளமாக உருட்டி, தண்டுக்குள் கம்பி செருகி, இரண்டு பாதியாகத் திறக்கும் அச்சில் அழுத்தி, சூளையில் சுட்டார்கள். மலிவான சரக்கு என்பதால் உடைந்ததும் தூக்கி எறிந்துவிடுவார்கள்.

என்னிடம் உள்ளவற்றில் எனக்கு உயிரானது ஒரு குட்டிக் கிண்ணம், அதாவது குழாயில் புகையிலை அடைக்கும் தலைப்பகுதி. சுண்டுவிரல் நுனிகூட உள்ளே நுழையாது. புகையிலை கொள்ளை விலை விற்ற காலத்தில் கிண்ணங்கள் இப்படித்தான் இருந்தன. விலை இறங்க இறங்கப் பெரிதாயின. விளிம்பைச் சுற்றிப் பல்பல்லாக ஒரு கோடு. அடியில் சிறு மேட்டில் இரண்டு எழுத்துகள். செய்தவர் பெயரின் முதலெழுத்துகள். உள்ளே இன்னும் கரி படிந்திருக்கிறது.

வெறும் தண்டுத் துண்டும் வீண் அல்ல. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் தண்டின் துளை படிப்படியாகச் சிறுத்துக்கொண்டே வந்ததை அமெரிக்கத் தொல்லியலாளர் ஜே.சி. ஹாரிங்டன் 1954இல் எடுத்துக்காட்டினார். ஓரிடத்தில் கிடைத்த பல தண்டுகளின் துளையை அளந்தால் அந்த மண்ணடுக்கின் காலத்தை ஏறத்தாழக் கணிக்கலாம்.

கிண்ணத்துக் கரியும் சான்றுதான். ஸ்ட்ராட்ஃபோர்டு-அப்பான்-ஏவன் நகரில் கிடைத்த 17ஆம் நூற்றாண்டுக் குழாய்த் துண்டுகளைச் சோதித்த தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள், அவற்றில் நிகோடின் தடயம் இருந்ததாக 2001இல் வெளியிட்டார்கள். நாம் ஒருமுறை பற்றவைத்தால் போதும், பழைய தடயத்தோடு புதியது கலந்து அந்தச் சான்று கெட்டுவிடும்.

உடம்புக்கும் கேடுதான். புகையை உள்ளே இழுக்காவிட்டால் பைப்பால் ஆபத்தில்லை என்பது வீண் நம்பிக்கை. வாய்ப் புற்றுநோய்க்கு அதுவும் வழி. லண்டனின் பழைய இடுகாடுகளில் தோண்டியெடுத்த எலும்புக்கூடுகளில், இந்தத் தண்டைக் கடித்துக் கடித்தே பற்கள் வட்டமாகத் தேய்ந்திருப்பதைக் காண்கிறார்கள். களிமண் தண்டே பல்லை அராவியிருக்கிறது.

ஷ்ராப்ஷயரின் ப்ரோஸ்லியில் 1957இல் நின்றுபோன பைப் பட்டறை இன்று அருங்காட்சியகம். ஆர்வமுள்ளவர்கள் முதலில் அங்கே போங்கள். லண்டனுக்குப் படிக்க வரும் நம் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. துறைமுக ஆணையத்தின் உரிமம் இல்லாமல் தேம்ஸ் கரையில் எதையும் எடுக்காதீர்கள். உரிமம் பெற்று எடுத்தாலும், தொல்லியல் மதிப்புள்ள, 300 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழம்பொருளை லண்டன் அருங்காட்சியகத்தின் பதிவு அலுவலரிடம் காட்ட வேண்டும். கிடைத்த இடத்தையும் நாளையும் எழுதி வையுங்கள். தீக்குச்சியை மட்டும் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள்.