டேங்க் நிறைய 'யூரியா' இருக்கு... லைட்டு ஏன் எரியுது?

ஒரு காலை நேரத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அருப்புக்கோட்டையை ஒட்டிய பாளையம்பட்டி. சல்லி ஏற்றப் போக வேண்டிய டிப்பர் லாரி டீக்கடை ஓரமாக நிற்கிறது. டேஷ்போர்டில் மஞ்சள் லைட். முதல் நாள் ராத்திரிதான் நீல மூடி டேங்க்கை நிரப்பியிருக்கிறார் டிரைவர். மீட்டரோ 'காலி' என்கிறது.

"அண்ணே, நேத்துதான் யூரியா ஊத்துனேன். சென்சார் போயிருச்சு போல. புதுசு மாத்திருவோமா?"

"அவசரப்படாத தம்பி. மொதல்ல மூடியத் தெற. என்ன ஊத்துனன்னு பாப்போம்."

மெக்கானிக்கின் இந்த ஒரு பதில் பல ஆயிரம் ரூபாயை மிச்சப்படுத்தக்கூடியது. பல இடங்களில் நடப்பது தலைகீழ். லைட் எரிந்ததும் புது சென்சார் வாங்கி மாட்டுவார்கள். இரண்டே நாளில் அதே லைட் மறுபடி எரியும். நடைக்கு இவ்வளவு என்று ஓடும் வண்டி நின்றால் அன்றைய கூலி போச்சு. மாத டியூ மட்டும் நிற்காது!

2020 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் பி.எஸ்-6 விதி வந்தது. அதன்பிறகு வந்த கனரக டீசல் லாரிகள் பலவற்றில் டீசல் டேங்க் பக்கத்திலேயே இன்னொரு சின்ன டேங்க் இருக்கும். டிரைவர்கள் அதை 'யூரியா டேங்க்' என்பார்கள். கடையில் 'ஆட் புளூ', 'டெஃப்' என்று கேட்டால் கிடைக்கும். மண் அள்ளும் பெரிய இயந்திரங்களுக்கும் 2021 ஏப்ரலிலிருந்து புகை விதி இறுகியதால், அவற்றிலும் பலவற்றில் இந்த டேங்க் வந்துவிட்டது.

உள்ளே இருப்பது 32.5 சதவிகிதம் சுத்தமான யூரியா, மீதி 67.5 சதவிகிதம் தாது நீக்கிய தண்ணீர். சூடான புகைக்குழாயில் இதைப் பீய்ச்சினால் அம்மோனியாவாக மாறும். அது வினையூக்கிக்குள் நைட்ரஜன் ஆக்சைடு நச்சைப் பிடித்து, சாதாரண நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றிவிடும். இந்த வேலை சரியாக நடக்கிறதா என்று காவல் காப்பவைதான் சென்சார்கள். டேங்க்குக்குள் இருப்பது அளவு, சூடு, தரம் மூன்றையும் பார்க்கும். புகைக்குழாயில் வினையூக்கிக்கு முன்னும் பின்னும் இருப்பவை நச்சை அளக்கும். ஏதாவது ஒன்று 'சரியில்லை' என்றால் முதலில் லைட், பிறகு இழுவை குறையும், கடைசியில் வண்டி நகர்ந்துதான் போகும்.

இனி திரவத்துக்கு வருவோம். அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் வீட்டில் யூரியா மூட்டை இருக்கும், போர்வெல்லில் தண்ணீர் இருக்கும். '45 கிலோ மூட்டை 266 ரூபாய்தானே, நாமே கரைச்சா என்ன?' என்று தோன்றுவது இயல்பு. தோன்றுவதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. விவசாயத்துக்கு வரும் மானிய யூரியாவுக்கு வேப்ப எண்ணெய்ப் பூச்சு 2015-ல் கட்டாயமாக்கப்பட்டது. அந்த எண்ணெய் ஃபில்டரையும் பீய்ச்சும் முனையையும் அடைக்கும். கரிசக்காட்டு உப்புத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியுமே, அதே படிவுதான் வினையூக்கியிலும் சேரும். மானிய யூரியாவை வேறு வேலைக்குத் திருப்புவது சட்டப்படி குற்றம் என்பது தனிக்கதை.

திரவத்தைச் சோதிக்க 'ரிஃப்ராக்டோமீட்டர்' என்ற சின்னக் கருவி இருக்கிறது. ஒரு சொட்டு வைத்துப் பார்த்தால் 31.8-லிருந்து 33.2-க்குள் காட்ட வேண்டும். ஆனால், இது செறிவை மட்டும்தான் சொல்லும், சுத்தத்தைச் சொல்லாது. உப்புத் தண்ணீரில் சரியான அளவு யூரியா கரைத்தாலும் 'ஓகே'தான் காட்டும். அதனால் கேனை எங்கே வாங்கினோம் என்பதும் சோதனையில் சேர்த்தி.

வெயிலையும் மறக்கக் கூடாது. இந்தத் திரவம் 25 டிகிரிக்குள் இருந்தால் 18 மாதம் தாங்கும். 35 டிகிரி என்றால் 6 மாதம்தான். தகரக் கொட்டகையில் சித்திரை வெயிலில் வேகும் கேனின் கதி என்ன என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 'ராத்திரி நிரப்பினேன், உடனே தரம் சரியில்லைங்குது' என்ற புகாருக்கு இன்னொரு காரணமும் உண்டு. தரம் பார்க்கும் சென்சார்களில் பல, திரவத்துக்குள் ஒலி போகும் வேகத்தை வைத்துக் கணக்கிடுபவை. நுரை, காற்றுக் குமிழி இருந்தால் குழம்பிவிடும். கொஞ்ச நேரம் அடங்கவிட்டுப் பார்க்க வேண்டும்.

திரவம் நல்லது என்று தெரிந்தால் அடுத்து ஸ்கேனர். அதில் வரும் எண்ணில் இரண்டு பகுதி. முதல் பகுதி எந்த இடம் என்று சொல்லும். 1761 என்றால் டேங்க் அளவு, 3364 என்றால் திரவத்தின் தரம். கடைசியில் வரும் சின்ன எண்ணைப் பலர் கவனிப்பதில்லை. விஷயமே அதில்தான்! 3 அல்லது 4 என்றால் வோல்டேஜ் கூடுதல் அல்லது குறைவு, 5 என்றால் இணைப்பு அறுந்த மாதிரி, 9 என்றால் சென்சாரிடமிருந்து தகவலே ஒழுங்காக வரவில்லை. இந்த நான்கில் எது வந்தாலும் முதல் சந்தேகம் வயர், ஃபியூஸ், கிரவுண்ட் மேல் விழ வேண்டும். எலி கடித்த வயருக்குப் புது சென்சார் என்ன செய்யும்?

பாளையம்பட்டி டிப்பரில் வந்தது 1761, கடைசியில் 5. கனெக்டரைக் கழற்றினால் உள்ளே கல்கண்டுத் தூள் போல வெள்ளை. கசிந்த திரவத்தில் தண்ணீர் காய்ந்து யூரியா உறைந்திருக்கிறது. அது செம்புக் கம்பியை அரிக்கும், வயருக்குள்ளேயே ஊர்ந்தும் போகும். வெதுவெதுப்பான சுத்தத் தண்ணீரில் கரைத்து, உலர்த்தி, பின்னைப் பார்த்து, மல்ட்டிமீட்டர் வைத்து வயரிங் படத்தில் சொன்ன வோல்டேஜ் வருகிறதா என்று பார்க்க வேண்டும். பச்சை பிடித்திருந்தால் கனெக்டரை மாற்றியே ஆக வேண்டும். இவ்வளவும் சரியாக இருந்து, அப்போதும் அளவு தப்பாக வந்தால்தான் சென்சார் மேல் பழி.

மண் இயந்திர ஆபரேட்டர்களுக்கு ஒரு வார்த்தை. சாவியைத் திருப்பிய கையோடு பேட்டரி சுவிட்சையும் அணைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. இன்ஜின் நின்றபிறகும் சில நிமிடங்கள் பம்ப் ஓடி, குழாயில் மிச்சமிருக்கும் திரவத்தை டேங்க்குக்கு இழுக்கும். நடுவில் கரன்ட்டை நிறுத்தினால் குழாயிலேயே உறையும்.

'சென்சாரையே ஏமாற்றும் பெட்டி இருக்கு, மாட்டிவிட்டால் லைட்டே வராது' என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். விதிமீறல் என்பது ஒரு பக்கம். அந்த நச்சுப் புகையை முதலில் சுவாசிப்பது டீக்கடைக்காரரும் வண்டி ஓட்டுபவரும்தான்.

அதற்காக சென்சார் எப்போதும் யோக்கியன் என்றும் சொல்ல முடியாது. அமெரிக்க விவசாயிகளும் லாரிக்காரர்களும் இதே பிரச்னையில் வருடக்கணக்கில் புலம்பினார்கள். 2025 ஆகஸ்டில் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகமை, கோளாறு வந்ததும் சட்டென்று இழுவையைக் குறைக்காமல் பழுது பார்க்க அவகாசம் தரும்படி மென்பொருளை மாற்றச் சொல்லி, தயாரிப்பாளர்களுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது.

நம் டிப்பருக்கு வருவோம். கனெக்டரை மாட்டியாயிற்று. மீட்டர் 'முக்கால்' காட்டுகிறது. லைட் மட்டும் இன்னும் எரிகிறது.

"போகலையேண்ணே?"

"உடனே போவாது தம்பி. சில வண்டியில கொஞ்ச தூரம் ஓடி, அதுவா சோதிச்சுப் பாத்துட்டுத்தான் அணையும். காலி வண்டியா ஒரு நடை போயிட்டு வா. அப்பவும் எரிஞ்சா திரும்பப் பாப்போம். அதுக்குள்ள சென்சார் ஆர்டர் போட்டுறாத!"