சாவியைக் கொடுப்பது நாம்தான்

ஜோலார்பேட்டை, வாணியம்பாடி, ஆம்பூர் பக்கத்துப் பெற்றோர்களே!

அரையாண்டுத் தேர்வு முடிந்துவிட்டது. கிறிஸ்துமஸ், புத்தாண்டு, அடுத்துப் பொங்கல் என்று பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். இந்த நாட்களில் நம் தெருவில் டூவீலர் ஓட்டிப் போகிறவர்களைக் கொஞ்சம் நின்று பாருங்கள். பலருக்கு மீசைகூட அரும்பவில்லை. ஒரு வண்டியில் மூன்று பேர். ஒரு தலையிலும் ஹெல்மெட் இல்லை. அந்த வண்டியை அவர்கள் திருடிக்கொண்டு வரவில்லை. தீபாவளி போனஸை முன்பணமாகக் கட்டி, மிச்சத்தை மாதத் தவணையில் அடைக்கிறோமே, அதே வண்டிதான். சாவியைக் கொடுத்ததும் நாம்தான்.

ஏன் கொடுத்தீர்கள் என்று கேட்டால் நம்மிடம் பதிலுக்குப் பஞ்சமில்லை. "ஷூ கம்பெனியில ஷிப்ட் முடிஞ்சதும் அம்மாவைக் கூட்டிட்டு வரணுமே." "பக்கத்துக் கடைக்குத்தானே போறான்." "எட்டாவது படிக்கும்போதே நல்லா ஓட்டுவான்." இந்தக் கடைசிப் பதிலைப் பெருமையாக வேறு சொல்கிறோம். வெட்கப்பட வேண்டிய விஷயம் இது. வண்டியை ஓட்டக் கை பழகிவிடலாம். எதிரே வரும் லாரியின் வேகத்தைக் கணிக்கவும், நண்பன் உசுப்பேற்றும்போது முறுக்காமல் இருக்கவும் பதினைந்து வயதில் பக்குவம் வருவதில்லை.

சட்டம் இதில் நம்மைத்தான் பிடிக்கிறது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த 199ஏ பிரிவைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பதினெட்டு வயது நிரம்பாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை ஓட்டுநர் உரிமம் கிடையாது. "பதினாறு வயசுக்கே லைசென்ஸ் உண்டே" என்று சிலர் வாதாடுகிறார்கள். அது கியர் இல்லாத, 50 சிசிக்கு மேற்படாத வண்டிக்கு மட்டும். நம் வீட்டு வாசலில் நிற்கும் ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் 100 சிசிக்கு மேற்பட்டவை.

ஹெல்மெட் விஷயத்திலும் நம் நடத்தை சரியில்லை. அப்பா ஹெல்மெட் போடுகிறார், பின்னால் உட்காரும் அம்மாவுக்கும் பிள்ளைக்கும் இல்லை. 2022-இல் இந்தியாவில் ஹெல்மெட் அணியாமல் சாலை விபத்தில் இறந்தவர்கள் 50,029 பேர். அவர்களில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து போனவர்கள். நான்கு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் ஹெல்மெட் கட்டாயம். அந்த வயதுகூட ஆகாத குழந்தையைப் பெட்ரோல் டேங்க் மேல் உட்கார வைத்து ஹைவேயில் பறக்கிறோமே, அதை எந்த வாயால் பாசம் என்று சொல்வது?

புத்தாண்டு என்றதும் பையன்களுக்கு ஏலகிரி நினைவு வந்துவிடும். பொன்னேரியிலிருந்து ஏறினால் 14 கொண்டை ஊசி வளைவுகள். மார்கழியில் விடியற்காலைப் பனிமூட்டத்தில் அடுத்த வளைவு கண்ணுக்குத் தெரியாது. ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும், இறங்கும்போது குறைந்த கியரில் வர வேண்டும், பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும். உரிமம் எடுத்து, இதையெல்லாம் பழகிய பெரியவர்களுக்கான பாதை அது. நள்ளிரவு கேக் வெட்ட மலைக்குப் போகிறோம் என்று மகன் கேட்டால் "முடியாது" என்று சொல்லுங்கள். பகலில் குடும்பத்தோடு பஸ்ஸில் போகலாம்.

குடும்பத்தோடு வேன் பிடித்துப் போகும்போதும் கவனம் வேண்டும். 2023 செப்டம்பர் 11-ஆம் தேதி அதிகாலையில் நாட்றம்பள்ளி அருகே சண்டியூரில் நடந்ததை மறந்துவிட்டோமா? ஆம்பூர் பக்கத்து ஓணாங்குட்டை ஊரார் தர்மஸ்தலா போய்த் திரும்பிக்கொண்டிருந்தார்கள். வேன் பழுதாகி ஹைவேயில் நின்றது. இறங்கியவர்கள் வேனுக்கு முன்னால் சாலையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் வந்த மினி லாரி வேனில் மோத, வேன் அவர்கள் மேல் ஏறியது. ஏழு பெண்கள் இறந்தார்கள். பக்கத்து ஊர்ச் சாவிலிருந்துகூடப் பாடம் படிக்காவிட்டால் வேறு எதிலிருந்து படிக்கப்போகிறோம்?

80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் கடந்துவிடும். பனியில் ஓட்டுநருக்கு நீங்கள் தெரிவதற்குள் வண்டி உங்கள் மேல் இருக்கும். அதனால் வழியில் வண்டி நின்றால் எல்லோரையும் இறக்கி, சாலையை விட்டு நன்றாகத் தள்ளி, தடுப்புக்கு வெளியே நிற்க வையுங்கள். வண்டியின் நான்கு இண்டிகேட்டர் விளக்கும் எரியட்டும். பின்னால் நல்ல தூரத்தில் ஒளிரும் முக்கோணம் வைக்கச் சொல்லுங்கள். 1033-க்குப் போன் செய்யுங்கள், நெடுஞ்சாலை உதவி வரும். வாடகை பேசும்போதே ஓட்டுநர் முந்தின இரவு தூங்கினாரா என்று கேளுங்கள். ஒரு நாள் லீவு மிச்சமாகும் என்பதற்காக ராத்திரி முழுக்க அவரை ஓட்டச் சொல்லாதீர்கள்.

இன்று இரவே வண்டிச் சாவியை ஆணியிலிருந்து எடுத்து உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் உட்காருபவருக்கும் ஒரு ஹெல்மெட் வாங்குங்கள். மகன் முறைப்பான், சாப்பிட மாட்டேன் என்பான், "எல்லார் வீட்டுலயும் குடுக்கிறாங்க" என்பான். அவன் அப்படிச் சொல்ல முடியாதபடி பக்கத்து வீட்டுப் பெற்றோரிடமும் இன்றே பேசுங்கள். தெருவில் பத்து வீடு சேர்ந்து மறுத்தால் எந்தப் பிள்ளைக்கும் அது அவமானமாக இருக்காது.